பதினோராவது சந்தேகம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நின்றுபோன லிஃப்ட்டை ஓட வைக்க ஆயிரம் பேர் உண்டு, அது ஏன் நின்றது என்று சொல்ல இவர் ஒருவர்தான் என்று கம்பெனியில் பேச்சு. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு புகார்ப் புத்தகம் தொங்கும். தேதி, கோளாறு, காரணம், கையெழுத்து என்று நாலு கட்டம். காரணம் பிடிபடாவிட்டால் மற்றவர்கள் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை.

ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் தினமும் மூன்று மணிக்கு லிஃப்ட் நாலாவது மாடியில் கதவைத் திறந்துகொண்டு நிற்குமாம். மூடவே மூடாதாம். இவர் லிஃப்ட்டுக்குள்ளேயே ஸ்டூல் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தார். மாடிப்படி ஜன்னல் வழியாக வரும் வெயில் சரியாக மூன்று மணிக்குக் கதவின் சென்சாரில் விழுகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு துண்டு அட்டையை ஜன்னலில் ஒட்டினார், சரியாகிவிட்டது. இந்தக் கதையை எனக்கு மட்டுமே நூறு தடவை சொல்லியிருப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை. எட்டு மணி நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் கத்திவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து குயில் மாதிரி பேச முடியுமா? வாய் கொஞ்சம் நீளம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

முதல் சொட்டையைப் பார்த்ததும் நான்தான். காலையில் வாசலில் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பின்மண்டையில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு முடியே இல்லை. வழவழவென்று இருந்தது.

"ஏங்க, தலையில என்னங்க? யாராவது முடியைப் பிடுங்கிட்டாங்களா?"

"பிடுங்கறதுக்கு இந்த வீட்ல உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு மாதத்தில் பொத்தான் ஆறாகிவிட்டது. இடது புருவத்தில் பாதி காணாமல் போனது. தலையணையில் முடி, தட்டில் முடி, குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. மற்றவர்களுக்காவது கண்ணாடியைப் பார்க்காமல் ஓட ஓர் இடம் இருக்கும். இவர் வேலை செய்யும் பெட்டிக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. அதோடு, லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கு நேரம் போக வேண்டுமே! கீழ்த்தளத்தில் ஏறினவர் மூன்றாம் மாடி வருவதற்குள் ஒரு வைத்தியம் சொல்லி முடித்துவிடுவார்.

இவருடைய அக்கா, என் நாத்தனார், பார்க்க வந்தார். தம்பியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வீட்ல ஆம்பளைக்கு நிம்மதி இருந்தாத்தானே தலையில முடி நிக்கும்? காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் இவ வாய் மூடறதில்ல."

"அப்போ என் பக்கத்து கவுண்டர்காரர் மொட்டையாத்தான் இருக்கணும் அண்ணி. அவருக்கு முடி தோள் வரைக்கும் இருக்கு" என்றேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. லென்ஸ் வைத்துத் தலை முழுக்கப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"காவலுக்கு வச்ச ஆளே வீட்டுக்காரரைத் திருடன்னு நினைச்சு அடிக்கிற மாதிரி இது. உங்க உடம்பே முடியோட வேரை அடிக்குது. தானா வரும், தானா போகும். மறுபடியும் வரலாம், வராமலும் இருக்கலாம்."

"காரணம்?" என்றார் இவர்.

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா, இல்ல யாருக்குமே தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது." அவர் பேனாவை எடுத்தபடி, "வீட்ல ஏதாவது டென்ஷன் உண்டா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அறையில் இருந்த நர்ஸ் கூட என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இவர் வாங்கவே இல்லை. "ஃபால்ட் எதுன்னு தெரியாம பார்ட்டை மாத்தறவன் மெக்கானிக்கே இல்ல" என்றார். "இது லிஃப்ட் இல்லீங்க, தலை" என்றேன். காதில் விழுந்தால்தானே?

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். சந்தேகப் பட்டியல் போட்டார். சோப்பு, எண்ணெய், தண்ணீர், தலையணை, ஹெல்மெட், கம்பியில் தடவுகிற கிரீஸ், மோட்டார் அறைச் சூடு என்று பத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் நிறுத்த வேண்டும், இரண்டு வாரம் பார்க்க வேண்டும், கொட்டுவது நிற்காவிட்டால் அடுத்தது. இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடுமாம். இரண்டு வாரம் சோப்பு இல்லாமல் குளித்தார், பக்கத்தில் படுத்தவள் நான். இரண்டு வாரம் தலையணை இல்லாமல் படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, நீவி விட்டவளும் நான். தண்ணீருக்காக மேல் மாடித் தொட்டியில் இறங்கிப் பார்த்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தினமும் காலையில் தலையணையில் விழுந்த முடியை எண்ணி நோட்டில் எழுதுவார். நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு. முப்பத்தெட்டு.

ஐந்து மாதத்தில் பத்தும் முடிந்தது. பாதித் தலை காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. பத்துக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே, மை கூட இன்னும் சரியாகக் காயாமல், 11. வீட்டுக்காரி.

"இது என்னங்க?"

மனுஷனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் லிஃப்ட்டைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொன்னார். "தப்பா எடுத்துக்காத. எல்லாத்தையும் பாத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. நீ ரெண்டு வாரம் உங்க அக்கா வீட்ல இருந்துட்டு வந்தா, நீ இல்லன்னு நிரூபிச்சுடலாம்."

"நான்தான்னு ஆயிட்டா?"

அவர் நோட்டை மூடி வைத்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கே சொல்லாமல் முடியாது. கல்யாணமாகி ஆறாவது வருஷம் இரண்டு பேரும் எல்லாச் சோதனையும் செய்துகொண்டோம். இரண்டு பேரிடமும் குறை இல்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரியவில்லை என்றால் ஊர் விடுமா? காரணம் என்கிற கட்டத்தில் என் பெயரை எழுதிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நானும் இருந்துவிட்டேன். இவர் மட்டும் அன்றைக்கு எழுதவில்லை. இப்போது அந்த நோட்டில், இவர் கையெழுத்திலேயே நான் இருக்கிறேன்.

"போறேன். ஆனா பட்டியல்ல அடுத்தது உங்க அக்காவைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு நிபந்தனை வேறு போட்டார். போனிலும் பேசக் கூடாதாம். சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், பஸ் கிளம்பி அவர் கையாட்டியபோது நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

என் அக்கா ஒன்றும் தோண்டிக் கேட்கவில்லை. வேலைக்கு அங்கிருந்தே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தேன். ராத்திரி படுத்தால் ஒரே யோசனை. முடி நின்றுவிட வேண்டும் என்று நினைப்பதா, நிற்கக் கூடாது என்று நினைப்பதா? நின்றுவிட்டால் அவருக்கு நல்லது, எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. கொட்டினால் நான் தப்பித்தேன், மனுஷன் மொட்டை. கட்டின புருஷன் மொட்டையாக வேண்டும் என்று விரும்புகிற பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதிமூன்றாம் நாள், கணக்குக்கு ஒரு நாள் முன்னாலேயே, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். ஒரு முடி இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

"எல்லாம் போயிருச்சு. நீ இல்லாதப்பவும் கொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இருந்த கொஞ்சத்தையும் நானே வழிச்சுட்டேன். அப்போ நீ காரணம் இல்ல. கெளம்பு."

அய்யோ பாவம் என்று ஒரு நிமிஷம்தான் தோன்றியது. உடனே தலைகால் புரியவில்லை எனக்கு. பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, சோதனை முடிஞ்சாச்சு. நான் இல்லாமலே கொட்டிருச்சாம். உங்க தம்பியே சொல்லிட்டார், கேட்டுக்கோங்க" என்று அவர் காதில் போனை வைத்தேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளும் தொப்பிதான். தலை குளிர்கிறது என்றார். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. பாவம், வெட்கப்படுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் போனது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்தேன். தெருமுனை சலூன்காரர் வாசலில் நின்று துணியை உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களாவது அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா? நல்லா முளைச்சு வருது. ரெண்டு மாசம் விட்டுப் பிடிச்சா பழையபடி ஆயிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து வழிச்சுட்டுப் போறாரு."

"எப்பலேர்ந்து முளைக்குது?"

"நீங்க ஊருக்குப் போயிருந்தீங்கல்ல, அப்பவே. சொட்டை மேல எல்லாம் பூனை முடி மாதிரி வெள்ளையா வந்துருச்சு. நான் கத்தி வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். 'நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரப் போறேன், இதைப் பாத்தா மனசு உடைஞ்சு போயிடுவா, வழிச்சுடு'ன்னாரு."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. பீரோவில் துணிகளுக்கு அடியில் நோட்டு இருந்தது. நான் இல்லாத பதின்மூன்று நாட்களின் பக்கங்களை பிளேடு வைத்து நறுவிசாக வெட்டி எடுத்திருந்தார். பதினொன்றுக்கு எதிரே மட்டும் எழுதியிருந்தது: 'சோதிக்கவில்லை.'

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் என்று நினைக்கிறேன். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது, டாக்டரும் தானாக வரும் என்றுதானே சொன்னார்? புத்திக்குத் தெரிகிறது. மனசுக்குத் தெரிய வேண்டுமே! அவருக்கும் தெரியவில்லை என்பதுதான் என்னை அறுத்தது. நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த மனுஷன் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கோபப்படுவதா, காலில் விழுவதா? அன்று ராத்திரி நான் வாயே திறக்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

போன வாரம் சலூன்காரர் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் காலையில் இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவர் வெளியே வரவே இல்லை. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"கதவைத் திறங்க."

"ஒண்ணுமில்ல. போ நீ."

"திறக்கறீங்களா, உடைக்கட்டுமா?"

திறந்தார். ஒரு கையில் ரேசர், தோளில் போட்டிருந்த துண்டில் ரத்தம். தொப்பி இல்லை. தலை முழுக்க ஐந்து நாள் முடி, கறுப்பாக, அடர்த்தியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். வெட்டுக்காயத்தைத் துடைத்து, சோப்பு நுரை போட்டு, ரேசரை வாங்கினேன். முன்பக்கம் முடிந்து பின்பக்கம் வந்தபோது கை நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

மறைக்கலாம். பின்மண்டை அவருக்குத் தெரியவா போகிறது? ஆனால் இந்த வீட்டில் ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

"பழைய இடமெல்லாம் ரொம்பிடுச்சுங்க. கழுத்துக்கு மேல புதுசா ஒண்ணு வந்திருக்கு. கட்டைவிரல் வச்சா மூடுற அளவுக்கு."

கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தலைக்குப் போகவில்லை. எந்த இடம் என்று தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"எதனாலன்னு கேக்கலையா?" என்றேன்.

"கேக்கல" என்றார். "நீ வழி. வேலைக்கு நேரமாச்சு."

கத்தி கையில் இருக்கும்போது கண் கலங்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வழித்து முடித்தேன். துண்டால் துடைத்து, தொப்பியை மாட்டி, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பின பிறகு ரேசரைக் கழுவி வைத்துவிட்டு, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன்.