கொப்பியில் எழுதிய பொய்

ஏஜென்சியிலிருந்து கூப்பிட்ட பெண், ஓய்வுபெற்ற ஃபுட்போல் வீரர் ஒருவரைப் பராமரிக்க வேண்டும், ஆள் பெரிய ஆள், அதனால் ஆண் பணியாளர்தான் தேவை என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு புளுகம், பெரிய சந்தோஷம். பள்ளிக்கூட நாட்களில் நானும் உதைபந்தாட்டம் ஆடியவன். அதுவரை பார்த்த வயோதிபர்களோடு வானிலையைத் தவிர வேறெதுவும் கதைத்ததில்லை. இவரோடு பந்தைப் பற்றியாவது கதைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி யூனியன்விலில் போய் இறங்கினேன்.

அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. தலையில் கவசம், தோளில் கவசம், வாய்க்கு முன்னால் கம்பிக்கூடு. நான் வந்து குடியேறிய இந்த நாட்டில் ஃபுட்போல் என்றால் பந்தில் கால் படாத ஆட்டம். அதிலும் இவர் பந்தைத் தொடுகிறவர்கூட இல்லை. முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரே பாய்கிறவனைத் தலையாலும் தோளாலும் மோதி மறிப்பதுதான் அவருடைய வேலை. அப்படிப் பதினொரு வருடம் மோதியிருக்கிறார். நான் போனபோது அவருக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. தன் வீட்டுக் கழிவறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

என்னை அவர் ‘ட்ரெயினர்’ என்று கூப்பிட்டார். பழைய அணியில் ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிடுகிறவரை அப்படிச் சொல்வார்களாம். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். இன்றைக்கு ஆட்டமில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் நான் ஒரு பண்டேஜ் சுருளை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் கட்டி, தினமும் அவிழ்த்தேன். அவருடைய மனைவி முன்பு பள்ளி ஆசிரியை. இவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. நான் கட்டுப் போடுவதைக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மதியம் திரும்பினால் அவர் வேறு மனிதர். எதிரே யார் நின்றாலும் எதிரணிக்காரன். ஒருநாள் என் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். இரண்டு நாள் எனக்கு அந்தக் காதில் வண்டு இரைந்தது. இன்னொருநாள் மனைவி தேநீர்க் கோப்பையை நீட்டியபோது, கோப்பையையும் கையையும் சேர்த்து அடித்தார். மணிக்கட்டு பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. வாசற்படியில் பனியில் சறுக்கி விழுந்ததாக அந்தப் பெண்மணி ஆஸ்பத்திரியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

வேலை முடியும்போது அன்றைக்கு நடந்ததை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும் என்பது ஏஜென்சியின் விதி. காதில் வண்டு இரைந்த அன்று நான் எழுதியது இது: நல்ல நாள். நன்றாகச் சாப்பிட்டார். பிரச்சினை இல்லை. மணிக்கட்டு வீங்கிய அன்றும் அதையேதான் எழுதினேன். ஒரு வீட்டுக்குள் போய்ச் சோறு தின்று தண்ணி குடித்துவிட்டு, அந்த வீட்டுக் குறையை வெளியில் போய்ச் சொல்கிறவன் மனிதனில்லை என்று வளர்ந்தவன் நான். நோயாளி கை நீட்டுகிறார் என்று எழுதினால் ஏஜென்சி ஆள் அனுப்புவதை நிறுத்திவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு அவரைப் பூட்டிய கதவுள்ள பராமரிப்பு விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டும். வாரம் ஐந்து நாள் நிரந்தர வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதை மறைத்து நான் பெரிய தர்மவான் வேஷம் போடப்போவதில்லை.

ஒரு மாலை அந்தப் பெண்மணி கொப்பியை வாசித்துவிட்டு, பக்கத்தின் மேல் கையை வைத்தபடி எனக்கு நன்றி சொன்னார். ஏதோ புண்ணியம் செய்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். இப்போது நினைத்தால் அந்த நடைக்கே எனக்கு நாலு சாத்தலாம்போல இருக்கிறது.

அந்த நேரம் அவர்களுடைய நட்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விளையாட்டில் பட்ட தலையடிகளால்தான் மூளை பழுதானது, இவருக்கு முழுநேரப் பராமரிப்புத் தேவை என்று நிறுவினால் பழைய ஆட்டக்காரர்களுக்கான நிதியிலிருந்து பணம் கொடுப்பார்கள். கொடுத்தால் இரண்டு ஆட்களை வைத்து அவரை வீட்டிலேயே பார்க்கலாம். கொடுக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டும், அவர் விடுதிக்குப் போக வேண்டும். மனைவி ஒரு விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒருவரை நாற்காலியோடு பெல்ட் போட்டு வைத்திருந்தார்கள் என்று என்னிடம் சொன்னார். அன்று அந்தப் பெண்மணி சாப்பிடவில்லை.

சிக்கல் என்னவென்றால், அடிபட்ட மூளையை நிச்சயமாகக் காட்ட வழி இல்லையாம். வெட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம். அதற்கு ஆள் சாக வேண்டும். உயிரோடு இருக்கிறவர் நாள்தோறும் எப்படி நடக்கிறார் என்பதுதான் சாட்சி. அந்தச் சாட்சியை எழுதிவைத்தவன் நான்.

ஏப்ரல் மாதம் அவர்களுக்காக வழக்கு நடத்திய சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். இங்கே பிறந்தவள், அங்கே பயிற்சிக்கு இருந்தாள். மற்றப் பக்கத்தார், அதாவது நிதியின் சட்டத்தரணிகள், என் கொப்பிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிவிட்டார்களாம்.

“அங்கிள், டூ இயர்ஸா எவ்ரி டே நோ ப்ரொப்ளம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவை இதைத்தான் காட்டப்போகினம். இது ட்ரூவா?”

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ட்ரூ இல்லையெண்டா நீங்கதான் வந்து சொல்லவேணும். வைஃப் சொன்னா நம்பமாட்டினம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பொய் எழுதினேன் என்று சத்தியம் செய்தால் ஏஜென்சி என்னை வேலையிலிருந்து கலைத்துவிடும், அடுத்த ஏஜென்சியும் எடுக்காது. செய்யாவிட்டால் அந்த மனிதர் பெல்ட் போட்ட நாற்காலிக்குப் போவார். ஒரு மாதத்துக்குமேல் நான் அந்தப் பிள்ளையின் அழைப்புகளை எடுக்கவில்லை. சாட்டுச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருந்தது. வன்னியில் கடைசி யுத்தம் நடந்து, அக்காவும் அத்தானும் எங்கே என்று தெரியாமல் இருந்த காலம் அது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இங்கே நகரின் நடுவில் கொடிகளோடு வீதியில் குந்தியிருந்தது. வேலை முடிந்து நானும் போய் இருந்தேன். என்ன கேட்டு அங்கே இருந்தோமோ அதில் ஒன்றும் நடக்கவில்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்தது என்ற செய்தியை நான் ஆட்டக்காரரின் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு அழுதேன். அவர் எழுந்து வந்து, தன் பெரிய கையை என் தோளில் வைத்து, யார் செத்தது என்று கேட்டார். என் சனம் என்று சொன்னேன். அவருடைய கண்ணும் கலங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் மறந்துபோய், என் முகத்தைப் பார்த்து மறுபடி யார் செத்தது என்று கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே கை, அதே கலக்கம். மாலைக்குள் ஏழெட்டுத் தடவை அவர் எனக்காகப் புதிதாகத் துக்கப்பட்டார். அன்று எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

ஜூன் தொடக்கத்தில், யுத்தத்தில் தப்பிய சனத்தை அடைத்துவைத்த முகாமிலிருந்து அக்கா பேசினாள். யாரோ ஒளித்து வைத்திருந்த ஃபோன், மூன்று நிமிடம். நாங்கள் எல்லோரும் சுகம், நீ யோசியாதே என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. எங்கள் வீட்டுக் குசினிக்குள் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அத்தானோட கதைச்சனீங்களோ?”

கதைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

“கேட்டாலும் அவ சொல்லமாட்டா. உங்கட வீட்டிலை ஒருத்தரும் உள்ளதைச் சொல்லமாட்டினம். அதை மரியாதை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உன் வீட்டுக் கதை எனக்குத் தெரியாதா என்று பழையதெல்லாம் கிளறிச் சண்டை பிடித்தேன். அத்தான் உயிரோடு இல்லை என்பது மூன்று கிழமை கழித்து வேறொருவர் மூலம்தான் தெரியவந்தது. ஆனால் அதுவரை நான் காத்திருக்கவில்லை. என் மனைவி சொன்னது இரண்டு நாள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, வாறன் என்று சொன்னேன்.

விசாரணை நீதிமன்றத்தில் இல்லை. நகரின் மையத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி அறையில், நீண்ட மேசையைச் சுற்றி நடந்தது. இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகள், சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்யும் ஒரு பெண், ஆட்டக்காரரின் மனைவி, நான். நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. அவரைச் சமாளிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், அன்றைக்குச் சாட்சியும் நான்தான். எனக்குப் பதிலாக ஏஜென்சி அனுப்பிய ஆளைப் பார்த்து அவர் கத்திய கத்தலில் அந்த ஆள் வாசலோடு திரும்பிவிட்டாராம். வேறு வழியில்லாமல் மனைவி அவருக்குக் கோட் போட்டுக் கூட்டிவந்து, வெளி அறையில் அந்தத் தமிழ்ப் பிள்ளையோடு இருத்தியிருந்தார்.

நான் சத்தியம் செய்து பேசத் தொடங்கியதும் என் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்து, ட்ரெயினர் இங்கேதான் இருக்கிறார் என்று சந்தோஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். எங்கள் சட்டத்தரணி பதறிப்போனார். மற்றப் பக்கத்தவர், வழக்கு இவருடையதுதானே, இருக்கட்டும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு விளங்கியது. கோட் போட்ட, கம்பீரமான, புன்னகைக்கிற மனிதர். நோயாளி என்று யார் சொல்வார்?

மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி கொப்பியைத் திறந்து திகதி திகதியாகக் கேட்டார். இந்த நாள் நல்ல நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பொய்யா? ஓம். அப்படியானால் என்ன நடந்தது? உடுப்பு அலுமாரிக்குள் சிறுநீர் கழித்தார். இந்த நாள்? கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பயந்து குளியலறைக்குள் ஒளித்துக்கொண்டார். இந்த நாள்? என் காதில் அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவன், அதைத் துண்டு துண்டாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல அனுதாபத்தோடு தலையாட்டினார். அவருக்கு விளங்காது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் தொடர்ந்து சொன்னேன்.

பிறகு மணிக்கட்டு வீங்கிய நாள் வந்தது. யாரை அடித்தார் என்று கேட்டார்கள். மனைவியை என்றேன்.

தலையாட்டல் நின்றது. இரண்டு வருடத்தில் நான் கேட்டிராத தெளிந்த குரலில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனைவியைப் பார்த்து, நான் உன்னை அடித்தேனா என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி அவருடைய முகத்தைப் பார்த்தார். இல்லை, ஒருநாளும் இல்லை என்றார்.

தட்டச்சு செய்த பெண்ணின் விரல்கள் அதையும் தட்டின. எங்கள் சட்டத்தரணியின் முகம் செத்துப்போனது. மற்றவர் பேனாவை எடுத்து எதையோ கோடிட்டுவிட்டு, எங்கள் இருவரில் யார் சொல்வது உண்மை என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்தப் பெண்மணியைப் பிழை சொல்ல மனம் வரவில்லை. அவர் செய்தது நான் இரண்டு வருடமாகச் செய்ததுதான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றே அந்த வழக்கு தோற்று முடிந்திருக்கும்.

நான் சட்டத்தரணிக்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் திரும்பி அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அடித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் மனைவியின் கை வீங்கியது. நீங்கள் தெரிந்து அடிக்கவில்லை, ஆனால் அடித்தீர்கள்.

அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியதும் இடைவேளை என்று எழுந்துவிட்டார்கள். எலிவேற்றரில் இறங்கும்போது அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஆட்டத்தில் யார் வென்றது என்று என்னிடம் கேட்டார். நாங்கள்தான் என்றேன். அது பொய்யோ உண்மையோ எனக்கு அப்போது தெரியாது.

ஏஜென்சி அடுத்த கிழமையே என்னைக் கலைத்தது. நட்டஈடு இலையுதிர் காலத்தில் கிடைத்தது. அந்தப் பெண்மணி என்னைத் தானே நேரடியாக வேலைக்கு எடுத்தார், துணைக்கு இன்னொருவரையும் வைத்தார். ஆட்டக்காரர் விடுதிக்குப் போகவில்லை. தன் கட்டிலில்தான் கடைசிவரை படுத்தார். செய்தது சரிதான் என்று என் மனைவி சொன்னாள், அந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொன்னாள். சரிதான், நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, அந்தப் பெண்மணி அறைக்குள் வந்தால் ஆட்டக்காரர் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துவிடுவார். ஏன் அப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நோயின் அடுத்த கட்டமாக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். பெண்மணி தேநீரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போவார். பெண்மணி போன பிறகு நான் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விறைத்துப்போன விரல்களைத் தேய்த்துவிட்டு, கோப்பையைப் பிடிக்க வைப்பேன். அதற்குப் பிறகு நாலு வருடம் உயிரோடு இருந்தார். அந்த நாலு வருடமும் அவர் மனைவியை ஒருதரம்கூட அடிக்கவில்லை. தொடவும் இல்லை.