பொழுது சாய்வதற்குள் மேல்சித்தாமூர்

இன்று நானும் நண்பன் அப்பாண்டைராஜனும் செஞ்சியிலிருந்து சைக்கிளில் கிளம்பி, மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டுப் பனமலைக்குப் போனோம்.

அங்கே ஏரிக்காற்றில் நான் தூங்கிவிட்டேன்.

சாப்பாடு மேல்சித்தாமூரில், அவன் வீட்டில். ஜைனர் வீடு, பொழுது சாய்ந்தால் யாரும் சாப்பிடமாட்டார்கள். விழுந்தடித்து மிதித்தோம். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் மேடேற முடியாமல் நின்றிருந்தது. பயணிகளுக்குக் கையாட்டிவிட்டுத் தாண்டினோம்.

அவன் அம்மா வாசலில் மேற்கே பார்த்தபடி நின்றிருந்தார்.

“கோயில் கதையெல்லாம் அப்பால சொல்லு. கைய கழுவிக்கினு ஒக்காருப்பா, பொழுது எறங்குது.”

குழம்பு, ரசம், மோர் என்று மூச்சுவிடாமல் விழுங்கினோம். கை கழுவி வந்து பார்த்தால், ஊர் ஜைனக் கோயிலின் கோபுர உச்சியில் வெயில் இன்னும் இருந்தது.

“இன்னாத்துக்கு அதுக்குள்ள எழுந்தீங்க? இன்னொரு கரண்டி வச்சிருப்பேனே” என்றார் அம்மா.

சூரியனைப் பந்தயத்தில் ஜெயித்தும் திட்டு வாங்கியவர்கள் வேறு யாராவது உண்டா?