ஆடி மாதத்து அடுப்பு

ரேஷன் அரிசி வாங்க ஏழையாக இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுப்பும் தனியாக இருக்க வேண்டுமாம். தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம்மா. ஒரே குடும்பம்னா ஒரே கார்டுதான்." எனக்குப் பாதிதான் புரிந்தது.

வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதிலிருந்து நெம்மேலியில், அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஷீட் போட்ட அறையில் இருக்கிறேன். ரவிக்கை தைக்கிறேன். படூர் அபார்ட்மெண்ட்களிலிருந்து துணி வந்தால் அந்த மாதம் பரவாயில்லை. வராவிட்டால் நூல் வாங்கவே யோசிக்க வேண்டும். சாப்பாடு அண்ணி போடுவார். பெயர் அண்ணன் கார்டில் இருந்தது. அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ரேஷன் அரிசி வேண்டாம் என்று எப்போதோ தன் கார்டைச் சர்க்கரைக் கார்டாக மாற்றிவிட்டார். அதற்கு அரிசி கிடையாது. அதனால் அண்ணன் காசு கொடுத்துக் கடையில் வாங்கும் அரிசியில்தான் எனக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் இரண்டாம் முறை சோறு கேட்க வாய் வராது. என் பெயரில் ஒரு கார்டு, அதில் வரும் அரிசி, அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

அண்ணன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டுத் தனிக் கார்டுக்கு எழுதிப் போட்டேன். ஓர் அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி அறை மூலையில் வைத்தேன். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடில எவளாவது புது அடுப்பு பத்த வைப்பாளா? ஆவணி பொறக்கட்டும். பால் காய்ச்சிட்டு அப்பால சமை" என்றார் அண்ணி.

"தாலுகா ஆபீஸ்லருந்து விசாரணைக்கு வந்துடுவாங்களே அண்ணி."

"வரட்டுமே. அடுப்பு கீது இல்ல? பாத்துட்டுப் போவட்டும்."

சட்டம் ஒரு பக்கம் இழுத்தது, ஆடி ஒரு பக்கம் இழுத்தது. எதை மீறினால் எது கெடும் என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணி சொன்னதைத் தள்ளவும் முடியவில்லை. நான் முதலில் குடித்தனம் வைத்தது நாள் பார்க்காமல்தான்.

விசாரணைக்காரர் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை வந்தார். குனிந்து என் அடுப்பைப் பார்த்தார். பர்னரை விரலால் தேய்த்துப் பார்த்தார். சிலிண்டரில் சீல் அப்படியே இருந்தது. "இதுலதான் சமைக்கிறீங்களா?" என்றார். பொய் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அண்ணி சொம்பு நிறையக் கூழோடு வந்துவிட்டார்.

"வெயில்ல வந்துகீறீங்க, குடிங்க சார். எங்க எல்லாருக்கும் ஒரே பானைதான், என் கையால காய்ச்சினது" என்றார், முகமெல்லாம் பெருமையாக.

அவர் குடித்தார். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அடுத்த வாரம் என் போனுக்குத் தகவல் வந்தது: தனிச் சமையல் இல்லை, மனு நிராகரிக்கப்பட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் உங்க வாயால போச்சு" என்று கத்தினேன். அண்ணன் கார்டிலும் நான் இல்லை, என் பெயரிலும் கார்டு இல்லை. அரசாங்கத்தைக் கேட்டால் நான் எங்கே சாப்பிடுகிறேன் என்று அதற்கே தெரியாது.

"சோறு போட்டத சொன்னது தப்பா?" என்று மட்டும் அண்ணி கேட்டார்.

ஆவணியில் பால் காய்ச்சினேன். மறுபடி எழுதிப் போட்டேன். இந்த முறை அண்ணி எதையும் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீன் குழம்பு கொதிக்கும். இந்தப் பக்கம் நான் தண்ணீர் ரசத்தைக் கிண்டிக்கொண்டிருப்பேன். இந்தச் சட்டம் எனக்கு இலை போடுகிறதா, பந்தியிலிருந்து எழுப்புகிறதா என்று குழம்பிக் கிடந்தேன்.

அதே மனிதர் மறுபடி வந்தார். பர்னரில் பால் பொங்கி வழிந்த கறையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வாசலில் நின்ற அண்ணியிடம், "இவங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். நான் அண்ணிக்கு எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு எப்டி சார் தெரியும்? அது வேற வூடு" என்றார்.

வேற வூடு என்றது எனக்கு உறைத்தது. அதே சமயம் அப்பாடா என்றும் இருந்தது.

கார்டு வந்தது. முதல் முறை வாங்கிய அரிசியில் பானை நிறையச் சோறு வடித்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் பின்கதவுக்குப் போனேன். கதவு எப்போதும்போலத் திறந்துதான் இருந்தது. எனக்குக் கால் உள்ளே போகவில்லை.

"அண்ணி" என்று கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.