பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். பேராதனையில் என் வீட்டு மேசையில் மாணவர்களின் மொழிபெயர்ப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் முன்னாள் மேலதிகாரி ஸக்கரியா சேரின் மகள் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். சலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"மிஸ், பக்கத்துல யாராவது ஈக்கிறாங்களா?"

அது அவளுடைய கேள்வியல்ல, அவளுடைய தகப்பனாருடையது. அதற்குப் பிறகு என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். "சொல்லுங்க ரிஸ்னா" என்றேன். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

"வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள கதிரையிலேயே... அஸருக்கு அடக்கம்."

முந்தாநாள்தான் சேரோடு தொலைபேசியில் பேசியிருந்தேன். தன் நினைவுகளை எழுதித் திருத்தத் தந்திருந்த கொப்பிகளைப் பற்றி, "எப்ப கொண்டு வாறீங்க, எத்தின சிவப்புக் கோடு?" என்று கேட்டுச் சிரித்தார். "சனிக்கிழமை வாறேன் சேர்" என்று சொன்னேன். இரண்டு மாதங்களாக இப்படி ஒவ்வொரு சனிக்கிழமையையும் சொல்லிக் கடத்திக்கொண்டிருந்தேன். அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வாக இருந்த வெளிநாட்டுச் சேவை உத்தியோகத்தர். கண்டியில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "முன்னாள் தூதுவர்" என்றே மேடையில் அழைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திருத்துவார்: "நான் தூதுவரில்ல. தூதுவருக்குப் பக்கத்து அறையில ஈந்தவன்." எல்லோரும் அதை அடக்கமென்று எண்ணிக் கைதட்டினார்கள். அது அடக்கமில்லை, உண்மை. அவர் தூதுவராகாமல் போனதற்குக் காரணமான கடிதத்தைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டது சரியில்லை.

இருபது வருடங்களுக்கு முன் வளைகுடா நாடொன்றில் இருந்த நம் தூதரகத்தில் இரண்டு வருடம் தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வீட்டுப் பணிப்பெண்களின் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவுக்கு அவர் பொறுப்பு. போகும்போது எனக்கு இராஜதந்திரிகள்மீது பெரிய மதிப்பெதுவும் இருக்கவில்லை. நல்ல துணியில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இவரும் கோட்டுப் போட்டிருந்தார். ஆனால் நாள் முழுவதும் தொலைபேசியில் இருந்தார்.

அந்தத் தொலைபேசியில் அவருடைய தமிழ் ஆளுக்கு ஆள் மாறும். நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பேசியது முஸ்லிம்களின் சோனகத் தமிழ், கடையில் கேட்டது தேயிலைத் தோட்டத்துத் தமிழ். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது பேசினால் "ஓம், சொல்லுங்கோ" என்பார். எங்களோடு வேலை செய்த யாழ்ப்பாண அதிகாரி ஒருவர், "ஸக்கரியா, நீர் உண்மையா எந்த ஊர்த் தமிழன்?" என்று சீண்டினார். "போன்ல எந்த ஊர் ஈக்கிதோ, அந்த ஊர்" என்றார் இவர்.

மரணச் செய்தி சொல்ல அவரிடம் ஒரு முறை இருந்தது. கடிதத்தில் அந்தச் செய்தி முதலில் போகக் கூடாது. முதலில் குரல் போக வேண்டும். குரலும் செய்தியைச் சொல்லக் கூடாது, "பக்கத்துல யாரு இருக்காங்கம்மா?" என்று கேட்க வேண்டும். யாருமில்லை என்றால், "சரி, யாரையாவது கூப்பிட்டு வச்சுக்குங்க, பத்து நிமிஷத்துல திரும்ப எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் கேட்பவருக்குப் பாதி விளங்கிவிடும், இது கொடுமையில்லையா என்று வாதாடினேன். "கொடுமதான். ஆனா, விழுந்தா பிடிக்க ஒரு ஆள் ஈப்பாங்க" என்றார்.

இனி அந்தக் கடிதம். ஒரு வாரம் அங்கே பேருந்து விபத்தொன்றில் நம் நாட்டவர் சிலர் இறந்திருந்தார்கள். பெயர்ப் பட்டியல்கள் தொலைநகலில் வந்தபடி இருந்தன. என் மேசைக்கு வந்த ஒரு தாளில் ஒரே ஒரு பெயர், மடுல்கெல்லத் தோட்டத்து முகவரி. எதிரே ஆங்கிலத்தில் 'எக்ஸ்பயர்ட்'. ஆள் இறந்தாலும் அனுமதிப்பத்திரம் முடிந்தாலும் நம் அரசாங்கக் கந்தோர்களில் அந்த ஒரு சொல்தான். அது வேறொரு பட்டியலின் இரண்டாம் பக்கம் என்பதும், தவறிப்போன முதல் பக்கத்தில் 'வதிவிட அனுமதி' என்று தலைப்பு இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. காலாவதியானது லெச்சுமியின் அனுமதி. நான் எழுதியது: லெச்சுமி காலமானார்.

கடிதத்தை அவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "வீட்டோட பேசினீங்களா?"

தோட்டத்துக் கந்தோருக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்திருந்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. நான்காவது முறை எடுக்கவில்லை. மேசையில் இன்னும் பதினொரு தாள்கள் கிடந்தன. "பேசிட்டேன் சேர்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரங்களுக்குப் பிறகு, பச்சைத் தாவணி முக்காடு போட்ட ஒரு பெண் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பெயர் கேட்டேன். "லெச்சுமிங்க மிஸ். மடுல்கெல்ல." பேனையை வைத்துவிட்டு அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பேசாமலே பேசினேன் என்று சொன்னதையும். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்துக்கு எடுத்தார். லெச்சுமியின் தாயைக் கந்தோருக்கு அழைத்துவரச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். அப்போதும் முதலில் கேட்டது, "பக்கத்துல யாரு இருக்காங்கம்மா?" மகள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்வதற்கு அது எதற்கு என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகு லெச்சுமி "அம்மா, நாந்தான்" என்றாள். மறுமுனையில் யாரோ "புடி, புடி" என்று கத்துவது எங்களுக்கும் கேட்டது. வீட்டில் கருமாதி முடிந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டதும், வீட்டோடு பேசாமல் விட்டதும் தானே என்று சேர் எழுதிக்கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "நீங்க டெம்பரரி, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னய அனுப்ப ஏலாது, இடம்தான் மாத்துவாங்க" என்றார். "அதோட, கையெழுத்துப் போட்டவன்தான் எழுதினவன்." அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பதவி உயர்வுகள் வந்தபோதெல்லாம் அந்தக் கோப்புத் திறக்கப்பட்டது. பக்கத்து அறையிலிருந்தே ஓய்வுபெற்றார். நான் ஊருக்கு வந்து விரிவுரையாளரானேன். சொற்களைக் கவனமாகக் கையாள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த வருடம் அவர் தன் நினைவுகளைக் கொப்பி கொப்பியாக எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தார். மூன்றாம் கொப்பியில் அந்தக் கடிதம் வந்தது. "அன்று நான் தொலைபேசியில் பேசாமல் விட்டேன்" என்று எழுதியிருந்தார். தனக்கே தனக்கென்று எழுதும்போதும் அவர் அதை மாற்றவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'இது நடந்ததல்ல.' எழுதிய பிறகு கொப்பியைத் திருப்பிக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் அத்தனை சனிக்கிழமைகள்.

அந்தக் கொப்பியை எடுப்பதும் வைப்பதுமாக நேரத்தைக் கடத்திவிட்டு நான் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். ஆண்கள் போய்விட்ட வீட்டில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை என்பதால், எனக்கு இதை எழுதும்போதும் அவர் செவ்வாய்க்கிழமை சிரித்தபடியே இருக்கிறார்.

முற்றத்தில் லெச்சுமி நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வத்தேகமயில் ஒரு துணிக்கடையில் வேலை. வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு சேருக்குப் பலகாரம் கொண்டுவருவாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

"நான் செத்து இருவது வருசமாச்சு மிஸ். என்னய சாகடிச்ச மனுசன் இப்பத்தான் போறாரு பாருங்க. ஒரு நாளும் நான் அவரக் கோவிச்சதில்ல."

"லெச்சுமி, அந்த லெட்டர எழுதினது நான். சேர் இல்ல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"போன் பண்ணிட்டேன்னு பொய் சொன்னதும் நான்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"லெட்டர் கொண்டாந்தவரு வாசிச்சுக் காட்டிட்டு அடுத்த லயத்து வீட்டுக்குப் போயிட்டாராம். மத்த சனமெல்லாம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. அந்தி வரைக்கும் எங்கம்மா தனியா இருந்துச்சு மிஸ்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

ரிஸ்னா கொப்பிகளை அப்படியே அச்சிடச் சொல்கிறாள். இறந்தவரின் வாக்கியத்தைத் திருத்த எனக்கு உரிமையில்லை; அது அவர் எழுதியபடியே வரும். கீழே, என் பெயரோடு, நடந்தது என்னவென்று ஒரு குறிப்பு இருக்கும். அதற்கு முன்பாக, அவரைத் தவறிழைத்த அதிகாரியாக நினைத்துக்கொண்டே மதித்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சுவது அந்தக் கேள்வி ஒன்றுதான். இருபது வருடம் அதைத் தெரிந்துவைத்திருந்தேனே தவிர, யாரிடமும் கேட்டதில்லை. நேற்று, இந்தக் கட்டுரையில் அவள் பெயரைப் போடலாமா என்று கேட்க லெச்சுமிக்கு எடுத்தேன். அவள் குரல் கேட்டதும் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"பக்கத்துல யாரு இருக்காங்க லெச்சுமி?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த வானொலி நின்றது.

"இருங்க மிஸ், மகளக் கூப்பிட்டுக்கிறேன்" என்றாள். கதவு திறக்கிற ஓசை, ஒரு பெண்பிள்ளையின் குரல், கதிரை இழுபடும் ஓசை.

"ஆ, இப்ப சொல்லுங்க."