சிவப்பு நூல் கட்டிய மெடல்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "காசு லாண்டரி எங்க?" என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பெயர்ப் பலகையில் இருப்பது வேறு பெயர். அதை எழுதின பெயிண்டருக்கே இப்போது அது நினைவிருக்காது. கடைக்காரி சசிகலாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். ஒரகடம் வரைக்கும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்களில் முக்கால்வாசியின் அழுக்குத் துணி அவளிடம்தான் வருகிறது. மூட்டை எடுப்பது, கறை போக்குவது, இஸ்திரி போடுவது எல்லாம் அவள் கணவர் காசிராஜன். மெஷினையும் வாடிக்கைக்காரர்களையும் ஓட்டுவது சசிகலா. கடையில் பேச்சு முழுவதும் அவளுடையது என்பதால் இருவருக்கும் தகராறு வந்ததே இல்லை.

காசு வந்து சேர்ந்த கதை எளிது. விமானம் ஏறுமுன் பேன்ட் பையில் போட்ட சில்லறையை அந்த இன்ஜினியர்கள் இங்கே வந்து மறந்துபோவார்கள். துவைக்குமுன் பையைத் துழாவுவதுதான் லாண்டரியில் முதல் பாடம். பேனா ஒன்று தப்பிவிட்டால் மூட்டை முழுக்க நீலமாகிவிடும். அகப்பட்ட காசைச் சசிகலா ஒரு சின்னக் கவரில் போட்டு, அதே சட்டையில் ஊக்குக் குத்தித் திருப்பி அனுப்புவாள். "அடுத்தவன் பாக்கெட்டு காசு நமக்கு எதுக்கு? ஒடம்புல ஒட்டாது" என்பாள். அதைப் பார்த்து அசந்துபோன பலர், நீயே வைத்துக்கொள் என்று அடுத்த மூட்டையில் கவரைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் ஊருக்குப் போய்வரும்போது புதுசாகவே கொண்டுவந்தார்கள். கொரியா, தைவான், ஜெர்மனி என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட ஜப்பான் காசில் நெற்கதிரைக் கண்ட அன்றைக்கு அவளுக்குப் பித்தே பிடித்துவிட்டது.

"பாத்தியாய்யா, நம்ம வாலாஜாபாத் பக்கம் வெளையறதுதான் அங்கயும் வெளையுது" என்று காசிராஜனிடம் காட்டினாள். அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார்.

எல்லாம் தெரிந்தவள் மாதிரிதான் நடந்துகொள்வாள். ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும். சேர்ந்த காசையெல்லாம் தன் தொழில் புத்திப்படி புளி போட்டு, சோப்பு போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று ஆக்கிச் சென்னையில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனாள். அங்கே ஒரு வியாபாரி ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேய்ச்ச காசு செத்த காசும்மா. மேல படிஞ்ச நெறம்தான் அதோட வயசு. வயசைக் கழுவிட்டீங்களே" என்றார். வேறொருத்தியாக இருந்தால் காசு ஆசையை அத்தோடு தலைமுழுகியிருப்பாள். சசிகலா திரும்பி வரும் பஸ்ஸிலேயே பெயிண்டருக்குப் போன் போட்டாள். மறுநாள் கடைச் சுவரில் எழுத்து ஏறியது: "இங்கு துணி மட்டுமே துவைக்கப்படும். காசு துவைக்கப்படமாட்டாது." படித்துவிட்டுச் சிரிக்காமல் அந்தத் தெருவைக் கடந்தவர்கள் குறைவு. அவளுக்கு அதில் பெருமைதான்.

இப்போது கடையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட பலகைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் பெண்களும் ஷிஃப்ட் முடித்த பையன்களும் அங்கே மொய்ப்பார்கள். ஒரே மாதிரி ரெண்டு இருக்கிற காசெல்லாம் ஒரு தட்டில் கிடக்கும். பிடித்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், காசுக்குக் காசு கேட்கமாட்டாள். எடுத்துப் போனவர்கள் அடுத்த தடவை வரும்போது அதை யாரிடம் காட்டினார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வாடகை. "பூட்டி வெச்சா அது வெறும் தகரம். நாலு பேர் பாத்தாத்தான் காசு" என்பது அவள் கட்சி. ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார்: காசின் முகத்தில் விரல் படக்கூடாது. "ஓரத்தைப் புடி, ஓரத்தை. உன் கை எண்ணெய் அதுல ஏறிடும்" என்று ஒரு கம்பெனி மேனேஜரையே அதட்டியிருக்கிறாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் பலகையில் மெடல்களும் ஏறும். பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது, ஆலைக்குக் கால் நூற்றாண்டு ஆனது என்று கம்பெனிகள் தொழிலாளர்களுக்கு மெடல் கொடுப்பது வழக்கம். வாங்கின வீட்டில் அது பீரோவுக்குள் போய்விடும், பிறகு வெளிச்சமே பார்க்காது. அந்த மெடல்களை இரவல் வாங்கி, கொடுத்தவர் பெயரை எழுதி மாட்டி, சாயங்காலம் பொரியும் கடலையும் கொடுத்து ஊரைக் கூட்டுவாள். ஆலையில் ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்த பழைய ஆட்கள் குடும்பத்தோடு வந்து, "இது நம்மாளுது" என்று கைகாட்டிப் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் ஞானம்மா வந்தது அதற்காகத்தான். சர்ச்சுக்குப் பின்னால் குடியிருக்கும் ஞானம்மா, நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவள். கணவர் ஜெபகுமார் மறைமலை நகர் கார் ஆலையில் இன்ஜின் லைனில் இருந்தவர். போன வருஷம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு நீல வெல்வெட் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே குழியில் கச்சிதமாகப் பதிந்து ஒரு செம்பு மெடல். பழுப்பேறிய அதன் முகத்தில், பொறித்திருந்த இன்ஜின் படத்துக்குப் பக்கத்தில், கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"குடுத்த அன்னிக்கு லைன்லேருந்து அப்படியே கிரீஸ் கையோட எடுத்துட்டாராம். நான் திட்டினேன், புதுசை இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு. அப்பவே பெட்டில போட்டு மூடினது, அப்புறம் வெளிய எடுக்கவே இல்ல" என்றாள் ஞானம்மா. "போட்டோ நிறைய இருக்குது சசி. போட்டோல மூஞ்சிதான் இருக்கு. அவர் கை இதுல மட்டும்தான் இருக்கு. அவங்க லைன் ஆளுங்க வர்றப்ப இது இங்க இருக்கணும். பெட்டியிலேருந்து மட்டும் எடுத்துடாத."

"அக்கா, என் உசுரு மாதிரி பாத்துக்கறேன். தைரியமா போங்க" என்றாள் சசிகலா. மனசாரத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேரிடம் அதைச் சொல்லிவிட்டாள். டீக்கடையில் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள், ஹாஸ்டல் வார்டனிடம் சொன்னாள். ஒரகடம் டெலிவரி முடித்து வந்த காசிராஜனிடம் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை. கட்டின புருஷனுக்கு எல்லாம் தானாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிற மனைவிகளில் அவளும் ஒருத்தி. அத்தோடு விட்டாளா? பார்க்க வருகிறவர்கள் ரேகையைக் கவனிக்காமல் போய்விடுவார்களே என்று, ஒரு சிவப்பு நூலைத் திறந்த பெட்டிக்குக் குறுக்கே கட்டி, முடிச்சு அந்த ரேகைக்கு நேராக வருகிற மாதிரி வைத்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட அவள் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்தக் கடையில் சிவப்பு நூல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மூட்டை பிரிக்கும்போது சட்டையிலோ பேன்ட்டிலோ கறை கண்ட இடத்தில் சசிகலா சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவிடுவாள். காசிராஜன் நூலைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் மருந்து வைத்துக் கறையை எடுப்பார். நூல் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுகூட விழாது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தொழில் இப்படித்தான் நடக்கிறது. நூல் கட்டியிருந்தால் அவர் ஏன் எதற்கு என்று கேட்டதே கிடையாது.

ஆயுத பூஜை அன்று காலையில் கடையைக் கழுவி, மெஷினைத் துடைத்து, இஸ்திரிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் காசிராஜன் மேஜையைப் பார்த்தார். வெல்வெட் பெட்டி, சிவப்பு நூல், கருப்பாக ஒரு கறை. சுவரில் எழுதியிருந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் நூல் கட்டினது சசிகலாவாயிற்றே. எலுமிச்சைச் சாற்றில் உப்பைத் தொட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால், பெட்டியை விட்டு எடுக்காமலே, பக்கத்தில் படாமல் பதமாக எடுத்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு கறையை எடுத்ததில்லை.

பூ வாங்கிக்கொண்டு வந்த சசிகலா பெட்டியைப் பார்த்தாள். மெடலின் பழுப்புக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் செம்பு பளபளத்தது. ரேகை இல்லை.

"ஏன்யா" என்றாள்.

"நூல் கட்டியிருந்துச்சே சசி" என்றார் காசிராஜன்.

கத்துவாள் என்றுதான் அவர் நினைத்தார். யாரைப் பார்த்துக் கத்துவது? நூலைக் கட்டினது யார்? பூவை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் சொல்லி விஷயம் தெரிந்ததும் அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே வெளிறிப்போனார். "எதுனா சொல்லிச் சமாளிச்சிக்கலாமா" என்று மெல்லக் கேட்டார். செம்புதானே, நாலு மாதத்தில் தானாகப் பழுப்பேறிவிடும். காற்றுப்பட்டு ரேகை மறைந்துவிட்டது என்று சொன்னால் ஞானம்மா நம்பக்கூடச் செய்வாள். சசிகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? என் வாயால உசுருன்னு சொல்லி வாங்கினேன். என் வாயாலயே சொல்லிட்டு வரேன். நீயும் வா."

ஞானம்மா வீட்டு வாசலில் செருப்பை விட்டதும் சசிகலா எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, நான் கெடுத்துட்டேன். நூல் கட்டினது நான். எங்க கடையில நூல் கட்டினா கறையை எடுன்னு அர்த்தம். இவரு எடுத்துட்டாரு. இவரு மேல தப்பு இல்ல" என்று பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

ஞானம்மா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பளபளத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தாலாவது சசிகலாவுக்கு மூச்சு வந்திருக்கும்.

"நான்தான் அன்னிக்கும் திட்டினேன்" என்றாள் ஞானம்மா கடைசியில். "இப்படிப் புடிச்சிகினு வந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. பாரு பாருன்னாரு. நான் கையைத்தான் பாத்தேன்." சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இல்லாத ஒரு மெடலைப் பிடித்துக் காட்டினாள்.

சசிகலா அந்தக் கையையே பார்த்தாள். எத்தனை பேரை ஓரத்தைப் பிடி என்று அதட்டியிருக்கிறாள். ஓரத்தைப் பிடிக்கத் தெரியாதவன் காசை எப்படிப் பிடிப்பான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"ஏன்யா, இதை நீ பெட்டிய விட்டு எடுத்தியா?" என்று காசிராஜனிடம் திரும்பினாள்.

"இல்லயே. நூல் முன்பக்கத்துலதான இருந்துச்சு. அந்த எடத்த விட்டு நான் எங்கயும் தொடல."

"அக்கா, இதோட பின்பக்கத்தை நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

ஞானம்மா இல்லை என்று தலையாட்டினாள். தொட்டால் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே எடுக்காமலே வைத்திருந்தவள். "எடு" என்றாள்.

சசிகலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நகநுனியால் ஓரத்தை நெம்பி மெடலை எடுத்துத் திருப்பினாள். கம்பெனி பெயருக்கும் வருஷத்துக்கும் குறுக்கே, நீளவாக்கில், ஒவ்வொரு கோடும் எண்ணுகிற மாதிரி, ஓர் ஆள்காட்டி விரல் கருப்பாகப் பதிந்திருந்தது. நுனியில் ஒரு வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது.

"அந்த வெட்டு அவருதுதான்" என்றாள் ஞானம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டது." அழுதாள், சிரித்தாள், ரெண்டையும் மறைக்கவில்லை. காசிராஜன் வாசல் பக்கம் போய் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஞானம்மா மெடலைக் கையில் வாங்கினாள். பின்பக்கம் படாமல் ஓரத்தில் விரல் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, முன்பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பினாள். தேய்த்த இடம் மினுங்கியது. அங்கே, அவர் வைத்த இடத்திலேயே, தன் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினாள்.

புதுசாகத் தேய்த்த செம்பு விரல் பட்ட இடத்தை விடாது, கொஞ்ச நாளில் ரேகை கருத்து எழும்பிவிடும் என்று சசிகலாவுக்குத் தெரியும். மேனேஜரையே அதட்டினவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஞானம்மா விரலை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, பெட்டியில் கிடந்த சிவப்பு நூலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.