காயாத வெள்ளைப் பூச்சு

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர் வயல்களில், எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை சாலை மறியல் என்று முடிவானது. முன்வரிசையில் பிடிக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் என்னிடம் கேட்டார்கள். நான் அரசுப் பள்ளியில் ஒப்பந்த ஓவிய ஆசிரியை. சரியென்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தோம். எட்டடி மரச்சட்டத்தின் மேல் காடாத் துணியை விரித்து, அம்மா ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, நான் எதிர்ப்பக்கம் ஆணி அடித்தேன். நடுவில் தொடங்கி மூலைகளுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் துணி கோணிக்கொள்ளும். அம்மாவுடையது நாற்றுப் பறித்த கை. இழுத்த இழுப்பில் துணி விறைத்து நின்றது. பிறகு ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சைத் தண்ணீரில் இளக்கிப் பூசினேன். அது இல்லாவிட்டால் அக்ரிலிக் வண்ணத்தைத் துணியே குடித்துவிடும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து இன்னொரு பூச்சு பூச வேண்டும். ஐப்பசி ஈரத்தில் முதல் பூச்சே காயவில்லை.

பதினோரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஒரு ஏட்டு. வெள்ளைத் துணியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல என்ன எழுதப் போறீங்க டீச்சர்?"

ஒரு புகார் போதும், என் வேலை போய்விடும். "ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு சார். மேடைக்குப் பின்னால வைக்கிறது" என்றேன்.

அவர் பூச்சை விரலால் தொட்டார், ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, திங்கட்கிழமை வீட்டிலேயே இருப்பது நல்லது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அம்மா சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கி எடுத்தாள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக அவளுடைய அப்பா லாக்கப்பில் கிடந்தவர். எங்களுடைய முக்கால் ஏக்கர், நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது.

"பயமா இருந்தா விட்டுடும்மா. நாங்க இத வெள்ளையாவே தூக்கிட்டுப் போறோம்" என்றாள் என்னிடம்.

கோபத்தில் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் எனக்காகத்தான் சொன்னாள். வெட்கமாக இருந்தது. வீட்டிலிருந்த மின்விசிறியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பூச்சின் பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்காலம்தான் இரண்டாம் பூச்சு பூச முடிந்தது. ஞாயிறு முழுக்க வரைந்தேன்: நடவு வயல், குனிந்த பெண்கள், நடுவில் அந்த அளவுக்கல். ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை முன்வரிசையில் படத்தின் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏட்டிடம் என்னைக் கைகாட்டினார். ஏட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். அறுவடை முடியும்வரை குழாய் பதிக்கும் வேலை நடக்காது என்று பொழுது சாயும் நேரத்தில் தாசில்தார் வந்து சொன்னார்.

ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். குறுவை நடவுக்கு ஆள் போதவில்லை, வா என்றாள். போனேன்.