ஆரியங்கோட்டுக் குழாயும் ஏழாம் நிபந்தனையும்

வெளிநாட்டு உதவியில் நடக்கிற திட்டத்தில் மனித உரிமையைக் கண்காணிக்கிற ஆளை, கொடுக்கிறவரும் நம்பமாட்டார், வாங்குகிறவரும் நம்பமாட்டார். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாறசாலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை. ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு மேட்டு ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட வெளிநாட்டு அமைப்பு ஒன்று முன்வந்தது. ஒப்பந்தத்தின் ஏழாம் நிபந்தனை என் பொறுப்பு: யாருடைய உரிமையாவது மீறப்பட்டால் உதவி நிற்கும்.

முதல் கூட்டம்

காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தவர்களைத் தேவாலயத்தின் சபைக் கூடத்தில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சாதி மதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, பெண்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"உரிமை எல்லாம் உண்டுன்னு மனசிலாச்சு மேடம். வெள்ளம் எப்பம் வரும்?"

புகார்ப் பெட்டி

குழாய் வேலையை நடத்த ஊரில் ஒரு கமிட்டி அமைத்து, நிபந்தனைப்படி ஒரு புகார்ப் பெட்டியும் வைத்தோம். இரண்டு மாதம் திறந்து பார்த்தேன். ஒரு சீட்டுகூட இல்லை. ஊரில் குறையே இல்லை என்று எழுதக் கை வந்தது, மனசு வரவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஏன் யாரும் எழுதுவதில்லை என்று கேட்டேன். புல்லுக்கட்டோடு போன ஒரு பெண் மட்டும் நின்று பதில் சொன்னாள்.

"பெட்டிக்கு நேர் எதிர்ல இருக்கது கமிட்டித் தலைவருக்க கடையாக்கும்."

ஸெலின் அக்காவின் கையெழுத்து

குழாய்க்காகப் பள்ளம் தோண்டியபோது ஸெலின் அக்காவின் நிலத்தில் பால் வடிந்துகொண்டிருந்த மூன்று ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். கணவர் இல்லாத வீடு. அந்த மரங்களில் வந்த காசில்தான் அடுப்பு எரிந்தது. நிலத்தில் தோண்டச் சம்மதம் என்று அக்கா கையெழுத்திட்ட தாளைக் கமிட்டித் தலைவர் சுகுமாரன் காட்டினார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பரபரத்தவர், அவ்வளவுதான். நான் தாளை அக்காவிடம் கொண்டுபோய், இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டேன். ஆமாம், வீட்டுக்குக் குழாய் கேட்கிற மனு என்று நினைத்துப் போட்டேன் என்றார். தாள் முழுக்க மலையாளம். அக்கா படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம்.

"மலையாளம் பேசுவேன், பேசினா கேப்பேன். வாசிக்கவும் செய்வேன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

அறிக்கை

நான்கு நாள் அறிக்கையை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். எழுதினால் உதவி நிற்கும். எழுதாவிட்டால் நான் எதற்கு? அந்தத் தாளை அச்சடித்தது எங்கள் அலுவலகம். தமிழில் வேண்டாமா என்று நானும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதி வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பிவிட்டு, பாறசாலை ரயில் நிலையத்தில் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் எங்கள் நிறுவனத்தின் செயலாளர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகத்தான் பேசினார்.

"நீ எழுதினது நெசந்தான் பிள்ளே. நெசத்த வேலை முடிஞ்ச பெறவு எழுதினா ஆகாதா?"

மூன்று மாதம்

உதவி நின்றது. குழாய்கள் சாலையோரம் கிடந்தன. கோடை வந்தது. பெண்கள் பழையபடி பள்ளத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு இறங்கினார்கள். அந்த ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு இடம் விட்டுத் தந்தவர்கள் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸெலின் அக்கா நெய்யாற்றின்கரையில் உள்ள என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். ஊரில் அவரோடும் யாரும் பேசுவதில்லையாம். காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

"எனக்கு மூணு மரம் போச்சு மக்கா. இப்பம் ஊருக்கு வெள்ளமும் போச்சு. நான் கேட்டது இதையா?"

இரண்டாவது தாள்

அவர் கேட்டதை அப்படியே எழுதி வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பினேன். உரிமை பறிபோனவளையே உங்கள் தண்டனையும் வந்து சேர்கிறது என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர்களின் அதிகாரி ஒரு பெண்மணி நேரில் வந்தார். பள்ளத்துக் கிணறுவரை இறங்கிப் பார்த்து, மூச்சு வாங்க ஏறி வந்தார். குழாய்ப் பாதையை நில ஓரமாக மாற்றுவது, மூன்று மரங்களுக்கு நஷ்டஈடு தருவது, தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிப்பது என்று முடிவானது.

சபைக் கூடத்தில் அக்காவின் கையில் புதிய தாளைக் கொடுத்தோம். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து உரக்க வாசித்தார். கிழக்கு எல்லை என்று இருந்த இடத்தில் நிறுத்தி, அது மேற்கு என்றார். திருத்தினோம். மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு சுகுமாரனைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சேச்சி வாசிச்சு முடிக்கட்டு. மொதல்லயே இதுக்கு நேரம் குடுத்திருந்தா, மூணு மாசம் நாம வெள்ளம் சுமந்திருக்க வேண்டாம்."

நிபந்தனை எழுதுகிறவர்கள் வீட்டில் ஒருநாளும் குழாயில் தண்ணீர் வருவது நிற்பதில்லை என்பதைத் தவிர, மனித உரிமையோடு உதவியைச் சேர்த்துக் கட்டுவதில் எனக்கு வேறு ஆட்சேபம் எதுவும் இல்லை.